இடக்கண்ணில் விழாத இருட்டு

"ஒண்ணும் வித்தியாசம் இல்ல சிஸ்டர், அப்பிடியேதான் இருக்கு" என்று அமலி போனில் சொல்லிக்கொண்டிருந்தபோது, எதிர்ச்சுவரில் காலண்டரின் தாள் காற்றுக்குத் தூக்கித் தூக்கி விழுவதை அவளுடைய இடக்கண் பார்த்துக்கொண்டிருந்தது. மணி ஐந்தே முக்கால். வெளியே ஐப்பசி மழை கட்டி நின்றது. வீட்டுக்குள் விளக்குப் போடவில்லை. சென்னையில், இருபத்துமூன்று நாளைக்கு முன்பு அவள் இடக்கண்ணுக்குள் மருந்து ஏற்றிய ஆஸ்பத்திரியில், வெள்ளிக்கிழமை தோறும் அவளைக் கூப்பிட்டு விசாரிப்பதற்கென்றே ஒரு நர்ஸ் இருந்தார். வலி இருக்கா, சிவந்திருக்கா, கண்ணுக்குள்ள ஏதாவது மிதக்குதா, மங்கல் வெளிச்சத்துல முன்ன விடக் கூடுதலாத் தெரியுதா. முதல் மூன்றுக்கும் அமலி சொன்னது உண்மை. நாலாவதற்குச் சொன்னது பொய். போன வெள்ளிக்கிழமையும் இதே பொய்தான். அந்தப் பக்கம் விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது. அவள் வாயிலிருந்து போன காற்று அங்கே எழுத்தாகிக்கொண்டிருந்தது. ஏழாம் நம்பர், பெண், வயது இருபத்துநாலு, மாற்றமில்லை. "கவலப்படாதீங்கம்மா, சிலருக்கு ஒரு மாசம்கூட ஆகும். முப்பதாம் நாள் வாங்க, பாத்துக்கலாம். இந்தக் கண்ணுல பலன் இருந்தாத்தான் அடுத்த கண்ணப் பத்திப் பேச முடியும்" என்றார் நர்ஸ். அவர் குரலில் இருந்த அக்கறைதான் தாங்க முடியவில்லை. சரி சிஸ்டர், சரி சிஸ்டர் என்று போனை வைத்தாள். ஏன் சொன்னேன். கேள்வி ஈயைப்போல வந்து உட்கார்ந்தது, விரட்டினாள், சுற்றிவிட்டு அதே இடத்தில் வந்து உட்கார்ந்தது. முப்பதாம் நாள் அவர்கள் மிஷினில் பார்ப்பார்களே, அப்போது என்ன செய்வாய். அவர்கள் இருட்டறையில் தடைகளைப் பரப்பிவைத்து நட என்பார்கள், வேண்டுமென்றே முட்டிக்கொள்வாயா. முட்டிக்கொள்வேன். இருபத்துநாலு வருஷமாக முட்டிக்கொண்டவளுக்கு இன்னொரு முறை முட்டிக்கொள்ளத் தெரியாதா. கட்டிலில் அண்ணன் ரெமி படுத்திருந்தான், காதில் மாட்டியிருந்த ஹெட்போனைக் கழற்றி, "என்னட்டி, சிஸ்டரா?" என்றான். "ஆமா." "என்ன சொன்ன?" "உள்ளதச் சொன்னேன்." அவன் திரும்பவும் மாட்டிக்கொண்டான்.

முன்பெல்லாம் இந்த நேரத்துக்கு வீடு இறங்கத் தொடங்கிவிடும். அப்படித்தான் அவளுக்குத் தோன்றும், வீடு மெல்ல ஒரு கிணற்றுக்குள் இறங்குவது போல. நடுப்பகல் வெயிலில் அவளுக்கு ஓரளவு தெரியும். ஆள் தெரியும், நிறம் தெரியும், பெரிய எழுத்தென்றால் பத்தாம் வகுப்புவரை படித்தும் இருக்கிறாள். ஐந்து மணிக்கு மேல் முதலில் மூலைகள் போகும், பிறகு தரை, பிறகு தன்னுடைய கால். டியூப் லைட்டைப் போட்டால் மேலே ஒரு வெள்ளைக் குச்சி மட்டும் அந்தரத்தில் தொங்கும், அதன் வெளிச்சம் எதன்மேலும் படாது. கோவிலில் ஆறு மணி அடிக்கும்போது அவள் சுவரோரமாகத் தன் இடத்தில் உட்கார்ந்து, தண்ணீர்ச் செம்பு வலது கைக்கும் போன் இடது கைக்கும் வைத்துக்கொண்டு முடித்திருப்பாள். பிறகு காலைவரை சத்தங்களும் வாசனைகளும்தான். அதில் பயம் எதுவும் இருந்ததில்லை. அது அவளுக்குத் தெரிந்த இடம். ரெமிக்கு அதுவும் இல்லை, அவனுக்கு இருபது வயதிலேயே பகலும் போய்விட்டது, ஆனாலும் இருவரும் மாலைக்குப் பிறகு ஒரே வீட்டில் இருந்தார்கள், ஒரே இருட்டில், ஒரே பாயில் விளையாடிய பிள்ளைகள் போல. ஊசி போட்ட பதினாலாம் நாள் கோவில் மணி அடித்தது, இருட்டு வரவில்லை. அவள் காத்திருந்தாள். வழக்கமாக வரும் ஆள் வரவில்லை என்றால் வாசலைப் பார்ப்பது போல இருட்டு வரும் மூலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். மூலையில் ஒரு துடைப்பம் இருந்தது. அது அங்கே இருப்பது அவளுக்குத் தெரியும், கையால் ஆயிரம் தடவை எடுத்திருக்கிறாள். ஆனால் அது மாலையிலும் இருந்தது. அவள் இருட்டுக்குள் போன பிறகும் அது பாட்டுக்கு அங்கே சாய்ந்து நின்றுகொண்டே இருந்திருக்கிறது. குடம் இருந்தது, கொடியில் அம்மையின் சேலை இருந்தது, சாம்பலாக, நிறமில்லாமல், தண்ணீருக்கு அடியில் கிடப்பதைப்போல. எல்லாம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. இடக்கண்ணை மூடினாள், எல்லாம் அணைந்தன, வலக்கண்ணில் பழைய இருட்டு பத்திரமாக இருந்தது. திறந்தாள், எல்லாம் அதே இடத்தில் நின்றன. சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. வந்தது சந்தோஷம் இல்லை. ஆளில்லாத வீடு என்று நினைத்து உடை மாற்றிக்கொண்டிருக்கும்போது உள்ளே யாரோ உட்கார்ந்திருப்பது தெரிந்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

யாருடைய பார்வை இது. டாக்டர் நன்றாகத்தான் விளக்கினார். கண்ணுக்குள் வெளிச்சத்தை வாங்கும் செல்களுக்கு ஒரு பொருள் வேண்டும், அதைச் செய்யும் குறிப்பு எல்லார் உடம்பிலும் இரண்டு பிரதி இருக்கும், ஒன்று தாய் கொடுத்தது, ஒன்று தகப்பன் கொடுத்தது, ஒன்று பிழையாக இருந்தாலும் மற்றது சமாளித்துக்கொள்ளும், உனக்கும் உன் அண்ணனுக்கும் இரண்டுமே பிழை. நோய் தராத ஒரு வைரஸை எடுத்து, அதன் உள்ளே இருந்ததைக் காலி செய்து, சரியான குறிப்பை எழுதி வைத்து, விழித்திரைக்கு அடியில் விடுவோம். அது உள்ளே போய்க் கொடுத்துவிடும். அம்மை கொடுக்காத ஒன்று, அப்பா கொடுக்காத ஒன்று. ஒரு சின்னக் கிருமி, வயிறு காலியாக, கடிதத்தை மட்டும் சுமந்துகொண்டு தன் கண்ணுக்குள் நடந்து போவதை அமலி ஆபரேஷனுக்கு முதல் நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தாள். இப்போது அது போய்ச் சேர்ந்துவிட்டது. வலக்கண்ணால் நான் லூர்துவுக்கும் பர்னபாஸுக்கும் பிறந்த பிள்ளை. இடக்கண்ணால் யாருக்குப் பிறந்தேன். துடைப்பத்தைப் பார்ப்பது நானா, எனக்குள் வந்து உட்கார்ந்திருக்கும் அதுவா. பைத்தியக்காரி மாதிரி நினைக்காதே என்று தன்னையே அதட்டினாள். ரெமியிடம் சொன்னால் சிரிப்பான். ரெமியிடம் எப்படிச் சொல்வது. இந்த ஆராய்ச்சி நடப்பதைக் கண்டுபிடித்தவனே அவன்தான். உப்புக் கம்பெனி ஆபீசில் போன் எடுத்துப் பேசும் வேலை முடிந்து வந்து, கம்ப்யூட்டர் வாசித்துக் காட்டக் கேட்டுக் கேட்டு, எட்டு மாதம் மெயில் மேல் மெயில் எழுதி, அம்மையும் சேர்த்து மூன்று பேரின் ரத்தத்தையும் பரிசோதனைக்கு எடுக்க வைத்து. கடைசியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் அவன் தோளில் கை வைத்தார். "ஒங்க விழித்திரை ரொம்ப மெலிஞ்சுபோச்சு தம்பி. மருந்தக் கொண்டுபோய்க் குடுத்தாலும் வாங்கிக்கிற செல் உயிரோட இல்ல." "பூட்டுன வீட்டுக்குத் தபால் போட்ட மாதிரியா சார்" என்று ரெமி சிரித்தான். டாக்டர் சிரிக்கவில்லை. அமலி அவன் விரல்களைப் பிடித்திருந்தாள், அவை அவள் கைக்குள் மீன்குஞ்சு போலத் துடித்துக்கொண்டிருந்தன, குரலில் ஒன்றுமில்லை. எங்கள் வீட்டில் எல்லாருக்கும் குரல் நன்றாக இருக்கும் என்று அப்போது நினைத்தாள்.

அதே நாளில்தான் அந்தக் கோடு. பரம்பரை நோய்களைப் பற்றிக் குடும்பங்களுக்கு எடுத்துச் சொல்லும் ஒரு மேடம், ஜன்னலோரமாக நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து, பெரிய தாளில் குடும்பத்தை வரைந்தார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், கல்யாணத்துக்கு ஒரு கோடு. தாத்தா, பூட்டன், சித்தி, பெரியப்பா. கீழே ஒரு சதுரமும் ஒரு வட்டமும் முழுக்கக் கறுப்பு, அது ரெமியும் அமலியும். வெயில் விழுந்த தாளில் அந்த இரண்டு கறுப்பையும் அமலியால் பார்க்க முடிந்தது. அம்மை குனிந்து விரலை ஓட்டிக்கொண்டே வந்து ஓர் இடத்தில் நிறுத்தினாள். "எல்லாருக்கும் ஒத்தக் கோடு போட்டிருக்கிய, எங்க ரெண்டு பேருக்கு மட்டும் ஏன் மேடம் ரெட்டக் கோடு?" "சொந்தத்துக்குள்ள கல்யாணம்னா அப்பிடிப் போடுறது வழக்கம்மா. தப்புன்னு அர்த்தமில்ல." "ஓ, அதுக்கா" என்றாள் அம்மை, கலகலவென்று. அப்பா அவளுக்கு அத்தை மகன். வேறு மாப்பிள்ளை வேண்டாம் என்று இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்து, உறவுமுறைக்கு மறைமாவட்ட ஆயரிடம் தனி அனுமதி வாங்கிவரச் சொல்லித் தகப்பனை ஆயர் இல்லத்துக்குத் துரத்தி, அனுமதிக் கடிதம் வந்த பிறகுதான் தண்ணீர் குடித்தாளாம். அப்பா இறந்து ஆறு வருஷம் ஆன பிறகும் அந்தக் கதையை மாதம் ஒரு தடவையாவது சொல்வாள், அந்தக் கடிதத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு தெருவில் ஓடியதை எழுந்து நின்று ஓடியே காட்டுவாள். அந்தத் தாளைப் பார்த்துவிட்டுச் சென்னையிலிருந்து திரும்பிய பிறகு, இந்த ஒரு வருஷத்தில் அந்தக் கதையை அவள் சொல்லவே இல்லை என்பது அமலிக்கு இப்போதுதான், காலண்டர் தாள் தூக்கி விழும் இந்த நேரத்தில்தான், உறைத்தது.

தூறல் விழத் தொடங்கியது. முற்றத்துத் தகரத்தில் ஒவ்வொன்றாக. பார்வையில் இன்னும் ஒன்று இருக்கிறது, அதை அவள் யாரிடமும் சொல்லப்போவதில்லை. போன சனிக்கிழமை இதே நேரத்துக்குப் பக்கத்து வீட்டுப் பிலோமி அக்கா வந்தாள். எப்போதும் வருபவள்தான், தேன் போன்ற குரல், அமலிக்கண்ணு என்றுதான் கூப்பிடுவாள். வாசல்நிலையில் நின்றுகொண்டு, "சாப்ட்டியா கண்ணு, கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டாச்சா, மாதா ஒன்னயக் கைவிட மாட்டா பாரு" என்று பேசிக்கொண்டிருந்தபோது அமலி அவள் முகத்தைப் பார்த்தாள். அந்த முகம் பேச்சைக் கேட்கவே இல்லை. அது தன் பாட்டுக்கு வீட்டுக்குள் ஒவ்வொரு பொருளாக மேய்ந்துகொண்டிருந்தது. பிறகு அமலியின்மேல் வந்து நின்றது. பேசிக்கொண்டிருக்கும்போதே பிலோமி அக்கா அவசரமாக நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டாள், சாவு வீட்டைக் கடக்கும்போது போடுவது மாதிரி. "வரட்டுமா கண்ணு" என்றது குரல். இத்தனை வருஷமாக எத்தனை தடவை போட்டிருப்பாள். சின்ன வயதில் ரெமி அவளுக்குக் கற்றுக்கொடுத்திருந்தான்: பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது பேச்சு சட்டென்று நின்றால், அப்போது நம் தலைக்குமேல் சாடை போகிறது என்று அர்த்தம். கை ஆடும், கண் ஆடும், உதடு ஆடும். அப்படி நிற்கும்போதெல்லாம் அவன் அவள் தொடையில் ஒரு கிள்ளு வைத்துவிட்டு, "என்ன சாடை?" என்று உரக்கக் கேட்பான், ஆட்கள் பதறிப்போவார்கள். ஆனால் பேச்சு நிற்காமலேயே சாடை போகும் என்பது அவனுக்கும் தெரியாது. போன சனிக்கிழமைவரை எனக்கும் தெரியாது. மாலை என்றால் எல்லாரும் முகத்தைக் கழற்றிவிட்டுத்தான் நம்மிடம் வருகிறார்கள், ரெமி. குரலை மட்டும் உடுத்திக்கொண்டு வருகிறார்கள். சொல்ல முடியுமா இதை. சொன்னால் எப்படித் தெரியும் என்பான். தெரிந்துவிட்டது என்று சொன்னால் அந்த ஒரே இருட்டில் அவன் மட்டும் இருப்பான்.

கோவில் மணி அடித்தது. மூவேளைச் செபத்து மணி, மும்மூன்றாக. மணி ஓயும் முன்பே வாசல் கதவு கிறீச்சிட்டது, இறாலும் ஐஸும் கலந்த வாசனை முன்னால் வந்தது. அம்மை. இறால் உரிக்கும் கம்பெனியில் பகல் ஷிப்டு முடிந்து வருகிறாள். பின்கட்டில் தண்ணீர் மொள்ளும் சத்தம், எலுமிச்சம்பழத் தோலைக் கையில் தேய்த்துக் கழுவுகிறாள், எவ்வளவு தேய்த்தாலும் அந்த வாசனை போகாது. இந்த ஒன்பது நாளில் அம்மைக்கு ஆறு நாள் மாலை ஷிப்டு, மூன்று நாள் பிலோமி வீட்டுச் செபமாலைக்குப் போனாள், ஆகவே இருட்டில் அம்மையை அமலி இன்னும் பார்த்ததில்லை. அம்மைதானே. பகலில் பார்த்த முகம்தானே, பல்வரிசை தெரியச் சிரிக்கும், மூக்குத்திக்குப் பக்கத்தில் ஒரு மரு. கண்ணை எங்கே வைப்பது என்று தெரியவில்லை அவளுக்கு. பார்வை இல்லாத கண் எங்கும் இருக்காது, சும்மா திறந்து கிடக்கும். இப்போது அது கட்டிப்போட்ட நாய் மாதிரி இழுத்தது. காலண்டரில் கொண்டுபோய் வைத்தாள்.

"ஏல ரெமி, இன்னைக்கு ஒரு கூத்து கேளு!" குரல் முதலில் உள்ளே வந்தது. "அந்த நெட்டச் சூப்பர்வைசர் இருக்கான்லா, கைய பின்னால கட்டிக்கிட்டு கலெக்டர் மாதிரி வருவானே..." ரெமி காதில் இருந்ததைக் கழற்றிவிட்டு எழுந்து உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்டு ஆட்டினான். "ஆமா, என்ன செஞ்சான்?" "தரையெல்லாம் ஐஸு. பாத்துப் போங்க சாருன்னு நா சொல்லி வாய மூடல..." கடைக்கண்ணில் அம்மை வந்துவிட்டாள். அமலி பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள். சாம்பல் நிறத்தில் ஒரு பெண் கட்டிலை நோக்கி நடந்துகொண்டிருந்தாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. சிரிப்பு இல்லை என்பது மட்டுமில்லை, யாருமே இல்லை. வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது, அதிலிருந்து கலகலவென்று அம்மையின் குரல் வந்துகொண்டிருந்தது. இது யார். கண்கள் ரெமியின் பாதங்களில் குத்தி நின்றன. "...சர்ருன்னு ஒரு வழுக்கு, நேரா றாலுத் தொட்டிக்குள்ள குத்த வச்சிட்டாம்ல!" ரெமி வாய்விட்டுச் சிரித்தான். அந்தப் பெண் முழங்காலை மடக்கித் தரையில் ஊன்றினாள். முட்டு சடக்கென்று சொடுக்கியது, வளையல் இரண்டு தடவை சிணுங்கியது. ஐயோ, இந்தச் சத்தம். இந்தச் சத்தத்தை அமலி ஒரு வருஷமாகக் கேட்டு வருகிறாள். முட்டு, வளையல், வளையல், பேச்சில் மூச்சு வாங்கும் ஒரு சின்ன இடைவெளி. அம்மைக்கு மூட்டுவலி, குனிந்து எதையோ எடுக்கிறாள் என்று நினைத்துத்தான் போன கோவில் பெரியநாளைக்கு அவளே மெடிக்கல் கடையில் கேட்டு ஒரு தைலம் வாங்கிக் கொடுத்தாள். அம்மை தினமும் தேய்த்துக்கொள்வதாகவும் சொன்னாள். தைலம் தேய்த்த முட்டு அண்ணன் கால்முன்னால் ஊன்றியிருந்தது. கைகள் கூப்பியிருந்தன. தலை குனிந்து குனிந்து, நெற்றி அவன் பாதத்தைத் தொட ஒரு விரற்கடை இருக்கும்போது நின்றது. அந்த இடத்திலிருந்து குரல் வந்தது: "எந்திரிக்க முடியல அவனுக்கு, மீசையெல்லாம் றாலுத்தோடு, நாங்க எல்லாரும் அங்கிட்டுத் திரும்பிக்கிட்டு..." ரெமி சிரித்துக்கொண்டுதான் இருந்தான். ஆனால் முட்டு சொடுக்கிய நொடியிலிருந்து ஆடிக்கொண்டிருந்த அவன் கால் ஆடவில்லை. அதையும் அமலி பார்த்தாள். அது ஏன் என்று அப்போது அவளுக்கு விளங்கவில்லை.

பிறகு அவள் எழாமல், முழங்காலாலேயே திரும்பினாள். அமலியை நோக்கி. இரண்டு எட்டுத்தூரம், அதை முழங்காலால் நடந்து வந்தாள், கோவிலில் நேர்ச்சைக்காரர்கள் நடப்பது போல, சத்தம் இல்லாமல், சேலையை ஒரு கையால் சுருட்டிப் பிடித்தபடி, பழகிய நடை. "சிரிக்காண்டாமாம் அவனுக்கு, யாரும் சிரிச்சா சம்பளம் பிடிப்பானாம்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். கண்ணை மூடு, கண்ணை மூடிவிடு அமலி, மூடினால் முழுக்க இருட்டிவிடும், வலக்கண்ணோடு சேர்ந்து எல்லாம் பழையபடி ஆகிவிடும், அம்மை குனிந்து எதையோ எடுப்பவளாக ஆகிவிடுவாள். மூட முடியவில்லை. கூப்பிய கையும் குனிந்த உச்சந்தலையும் அவள் மடிக்கு நேரே வந்து நின்றன, வகிட்டில் நரை தெரிந்தது. உதடுகள் இப்போது பேச்சின் இடைவெளியில் வேறு எதையோ சொல்லின, சத்தமில்லாமல், ஒரே சொல்லை, திரும்பத் திரும்ப. மன்னிச்சிரு. அல்லது அது மாதாவே என்றும் இருக்கலாம். அந்த முகம் நிமிர்ந்தது. நேரே அமலியின் கண்களுக்குள் பார்த்தது, கல்லைப் பார்ப்பது போல, பார்வை திரும்பி வராத இடத்தைப் பார்ப்பது போல. அமலியின் இடக்கண் இழுத்தது. ஓர் இமைப்பு. அந்த முகத்தில் முதன்முதலாக யாரோ வந்தார்கள். அம்மை கூப்பிய கையிலிருந்து ஒரு விரலைப் பிரித்து மெல்ல இடப்பக்கம் நகர்த்தினாள். பார்க்காதே, அமலி. கண் போனது. வலப்பக்கம் நகர்த்தினாள். கண் பின்னாலேயே போனது. சூப்பர்வைசர் கதை பாதியில் நின்றுவிட்டது.

தகரத்தில் மழை மட்டும்.

"பேச்சு ஏன் நின்னுட்டு?" என்றான் ரெமி.

அம்மை உதட்டின்மேல் விரலை வைத்தாள். பிறகு தலையை இடமும் வலமும் ஆட்டினாள். வேண்டாம். சொல்லிராதே. அமலிக்கென்று ஒருவர் செய்த முதல் சாடை அது. அண்ணன் தலைக்குமேலாக, அவன் வீட்டிலேயே, அவன் இருட்டிலேயே. இந்தப் பக்கம் வந்துவிட்டேனா நான். இவ்வளவு லேசாகவா. விரலை உதட்டில் வைத்தால் போதுமா. பிலோமி அக்காவும் அம்மையும் டாக்டரும் தெருவும் ஊரும் நின்றுகொண்டிருக்கும் பக்கம், அங்கே அவளுக்கும் ஓர் இடம் ஒதுக்கி வைத்திருந்தது.

"அமலி, ஒனக்குத் தெரியுதா?"

"தெரியுது" என்றாள்.

"எத்தன நாளா?"

"ஒம்பது நாளா."

"நெனச்சேன். நீ செவரத் தடவாம நடக்க, சத்தம் வேற மாதிரி வருது." அவன் முகத்தை அவள் பக்கம் திருப்பினான். "சிஸ்டர்ட்ட இல்லன்னு சொன்னியே, அது எனக்காவா?"

அவள் காலண்டர் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"எனக்காவன்னா வேண்டாம்ட்டி. எட்டு மாசம் எழுதுனது நீ பொய் சொல்லவா? காலைல போன் போட்டு உள்ளதச் சொல்லு."

"சொல்லுதேன்."

"சரி. அம்ம இப்ப என்ன செய்யுதா?"

அம்மையின் தலை இன்னும் வேகமாக ஆடியது. கூப்பிய கை இப்போது வேறு எதற்காகவோ கெஞ்சியது. ஏதாவது சொல்லிவிடலாம். பாத்திரம் எடுக்கிறாள், சேலை மாற்றுகிறாள், என்ன சொன்னாலும் அவன் நம்பித்தான் ஆகவேண்டும். அதுதான் பயமாக இருந்தது. அவனுக்கு நாளை முதல் எது இருக்கிறது எது இல்லை என்பது தன் வாயில் இருக்கிறது என்பது.

"முட்டுப்போட்டு நிக்கா. கை கூப்பியிருக்கா. மொதல்ல ஒன் காலுகிட்ட நின்னா. இப்ப எங்கிட்ட நிக்கா."

ரெமியின் முகத்தைப் பார்த்தாள். திடுக்கிடும் என்று எதிர்பார்த்தாள். அது அசையவில்லை.

"தெரியும்" என்றான். "ஒரு வருசமாத் தெரியும். மூச்சு கால்ல படும்லா."

அம்மை இடி விழுந்தது போலத் திரும்பினாள். "தெரிஞ்சா... தெரிஞ்சா ஏம்ல சொல்லல?" அமலி அந்தக் குரலை அதுவரை கேட்டதில்லை. ஈரமில்லாத, வயதான, உடைந்த குரல். அந்த முகத்தினுடையது.

"மன்னிப்புக் கேக்கட்டும்னுதான் இருந்தேன்." ரெமி தரையைப் பார்த்துப் பேசினான், அவன் தலை தரைப்பக்கம் குனிவது கூச்சப்படும்போது மட்டும்தான். "மொத நாளு சொல்லணும்னு நெனச்சேன். ரெண்டாம் நாளு நீ எப்ப வருவன்னு இருந்துச்சு. பொறவு அது இல்லாம சோறு எறங்கல. நீ கத சொல்லுவ, நா சிரிப்பேன். உள்ளுக்குள்ள, கேளு, இன்னும் கேளுன்னு இருக்கும். ஒம்மேல தப்பு இல்ல, அது என் புத்திக்குத் தெரியும். வாயில வரமாட்டேங்கு. இன்னைக்கும் வரல." மூச்சை இழுத்துவிட்டான். "ஆனா எந்திரிம்மா. அவ பாக்கா."

அம்மை எழப் பார்த்தாள், முட்டு இடம் கொடுக்கவில்லை. அமலி அவள் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள், ஒரு வருஷத்து முழங்கால்களின் எடை அது. நின்றதும் பழக்கத்தில் அம்மையின் கை சுவிட்சுக்குப் போனது. கை போகும்போதே முகம் தன்னைச் சரி செய்துகொள்ள ஆரம்பித்தது, கன்னம் ஏறியது, பல் தெரிந்தது. அது ஒவ்வொன்றாக வந்து ஏறுவதை அமலி பார்த்தாள். "லைட்டு போடாதம்மா" என்றாள். "இப்பிடியே கொஞ்ச நேரம் இரி." அம்மை கையை எடுத்தாள். கட்டிலின் விளிம்பில், மகன் பக்கத்தில், எங்கே உட்காரலாம் என்று கேட்பவள் போல உட்கார்ந்தாள். சிரிப்பு இறங்கிப்போயிற்று. தோள்கள் குலுங்கின.

"இப்ப என்ன செய்யுதா?"

"அழுதா."

"சத்தமே இல்லியே."

"சத்தம் வராமத்தான்."

ரெமி கையை நீட்டினான். அது காற்றில் போனது, அம்மையின் தோளுக்கு முன்னால் தடவியது, கீழே இறங்கியது, கட்டில் விரிப்பில் தட்டியது, திரும்பவும் மேலே ஏறியது. அமலி அந்தக் கையைப் பிடித்துக் கொண்டுபோய் வைத்திருக்கலாம். அம்மை முகத்தை ஒரு சாண் நகர்த்தியிருக்கலாம். இருவருக்கும் நன்றாகத் தெரிந்தது, இருவரும் செய்யவில்லை, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். அவன் நீட்டிய கைதான், அவனே கொண்டுவரட்டும். ஐந்து விரலும் விரிந்து, மங்கலில், அது தேடிக்கொண்டே இருந்தது. வெகு நேரம் கழித்து நடுவிரல் போய் ஈரத்தில் முட்டியது, அங்கேயே நின்றது.